நான்காவது சொந்தக்காரர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நானாக உட்கார்ந்து யோசித்துப் பிடித்த கதை இல்லை. என் அண்ணன் எனக்கு ஒரு வேலை கொடுத்தான். அந்த வேலையைச் செய்யப் போன இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டதிலிருந்து வெளியே வருவதற்குத்தான் இதை எழுதுகிறேன். இலக்கியத்துக்குச் சேவை செய்யும் எண்ணமெல்லாம் கிடையாது.

வேலை இதுதான். அண்ணன் ஒரு பழைய வண்டியை வாங்க ஆசைப்பட்டான். உள்ளேயே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டிய வீட்டுவண்டி. அதை இதற்கு முன்னால் யார் யார் வைத்திருந்தார்கள், எவ்வளவு தூரம் ஓட்டினார்கள், ஏன் விற்றார்கள் என்று நான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

"நீதான் கதைக்காரியாச்சே. யார் வாயையும் கிண்டுவே. எனக்குப் பேச வராது. போய்க் கேட்டுட்டு வா" என்றான்.

கதைக்குச் சில தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

மலைச்சாலையின் வளைவில் அந்த வண்டி மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தபோது— (இந்த வண்டி மலையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இதை எழுதும்போது எனக்கு அது தெரியாது.)

ஒரு வண்டியின் ஞாபகங்கள் அதன் சக்கரங்களில்— (சக்கரத்துக்கு ஞாபகமாவது, மண்ணாவது. இப்படி எழுதுவதையெல்லாம் நான் இளமையோடு நிறுத்தியிருக்க வேண்டும்.)

என் அண்ணன் என்னை விட்டுப் போகப் போகிறான். (இது உண்மை. ஆனால் முதல் வரியிலேயே மூக்கைச் சிந்தினால் யார் இரண்டாவது வரிக்கு வருவார்கள்? இருந்தாலும் அடிக்க மனம் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.)

2

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெறும்வரை இந்த நகரத்தின் உயரமான கட்டடங்களில் எல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு கிரீஸ் தடவியவன். அண்ணி இறந்த பிறகு தன் வீட்டைக் காலி செய்துவிட்டு என் வீட்டு மாடி அறைக்கு வந்தான். எனக்கும் வேறு ஆள் இல்லை. (கணவர் என்று ஒருவர் இருந்தார். இப்போது வேறொரு ஊரில் வேறொருவருக்குக் கணவராக இருக்கிறார். இந்தக் கதையில் அவருக்கு இதற்கு மேல் இடம் கிடையாது.)

காலையில் அவன் டீ போடுவான். நான் செய்தித்தாளை உரக்கப் படிப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து உலகத்தைத் திட்டித் தீர்ப்போம். பிறகு அவன் ஏதாவது ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டு உட்காருவான், நான் எழுத உட்காருவேன். நன்றாகத்தான் இருந்தோம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் டீயை வைத்துவிட்டுச் சொன்னான்: "வாழ்க்கை பூரா மேலயும் கீழயுமே போய்ட்டு வந்துட்டேன். நேரா போனதே இல்ல. இனிமேலாவது நேரா போகலாம்னு பார்க்கறேன்."

"எங்க?"

"எங்கயாவது. போய்க்கிட்டே இருக்கணும். அப்பப்போ வந்து உன்னைப் பார்த்துட்டுப் போறேன்."

"உன் பிரஷர் மாத்திரையை யார் ஞாபகப்படுத்துவா?" என்று கேட்டேன். அது சும்மா. அவன் மாத்திரையை அவன் ஒழுங்காகப் போடுவான், மறப்பவள் நான். அவன் போய்விட்டால் இந்த வீட்டில் என் குரலை நானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

(அவனோடு நீயும் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அவனும் கேட்டான். மூன்றாவது வளைவு தாண்டினால் எனக்கு வாந்தி வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என்னை ஏற்றிக்கொண்டு போன பேருந்துகளின் நடத்துநர்களைக் கேட்டால் சொல்வார்கள். நேரான சாலையைத் தேடினால் தெருமுனைவரைதான் போகலாம்.)

3

பழைய வண்டி விற்பவரின் கொட்டகை மரக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருந்தது. வண்டி பின்வரிசையில் நின்றது. வெண்ணெய் நிறம், இடுப்பில் ஒரு பழுப்புப் பட்டை. மடக்கினால் மேசை, விரித்தால் கட்டில். இரண்டு பர்னர் அடுப்பு. ஜன்னலுக்கு ஜன்னல் சாயம்போன திரைச்சீலை. சின்னச் சின்ன அலமாரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளைக் கொக்கி. அண்ணன் ஒவ்வொரு கொக்கியையும் மாட்டிப் பார்த்தான், எடுத்துப் பார்த்தான், மறுபடி மாட்டினான். இதற்காகவே அவன் ஒவ்வொரு வாரமும் அங்கே போய்க்கொண்டிருந்தான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"மீட்டரைப் பாருங்க சார்" என்றார் கொட்டகைக்காரர். "நாலாயிரத்துச் சொச்சம். இந்த வயசு வண்டியில இவ்வளவு கம்மி ஓட்டம் எங்க கிடைக்கும்? எடுத்துட்டுப் போனா கண்ணுல ஒத்திக்குவீங்க."

அண்ணன் முகம் சுருங்கியது. "அதான் உதைக்குது" என்றான்.

லிஃப்டில் ஓர் எண்ணி உண்டு. எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று அது கணக்கு வைத்திருக்கும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கயிறு மாற்றுவார்கள். ஒரு கட்டடத்தில் மேலாளர் ஒருவர் கயிறு மாற்றுவதைத் தள்ளிப்போட அந்த எண்ணியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாராம். அண்ணன் லிஃப்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டடமே இரண்டு நாள் படியேறியது. தான் எவ்வளவு ஓடினேன் என்று பொய் சொல்கிற இயந்திரத்தில் ஆளை ஏற்றக் கூடாது என்பது அவனுடைய கட்சி.

"பெடல் ரப்பர்கூடத் தேயல. ஆனா ரப்பர் மாத்தறது பெரிய வித்தையா?" என்றான் என்னிடம், திரும்பி நடக்கும்போது. "இங்க பாரு. மீட்டரை எவனாவது திருப்பி வச்சிருந்தா வண்டி எனக்கு வேண்டாம். திருப்பலேன்னா அன்னிக்கே வாங்கிடறேன். இதைத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு, போதும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. திருப்பாமல் எங்கே போவார்கள்? ஊர் சுற்றுவதற்கென்றே கட்டிய வண்டி ஊர் சுற்றாமல் இருக்குமா? கதையில் ஒரு வீட்டுவண்டி வந்தால் அது பாலைவனத்தையாவது தாண்டியிருக்க வேண்டும். நான் விசாரிப்பேன், மோசடி வெளியே வரும், அண்ணன் என் வீட்டு மாடியிலேயே இருப்பான். கதை சுபம். இப்படி மனக்கோட்டை கட்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

4

கடைசியாக வண்டியை வைத்திருந்தவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கொட்டகைக்காரர்தான் அவர் விலாசத்தைக் கொடுத்தார். நான் போய் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும், "தாராளமா பேசலாம் மேடம், இப்படி உட்காருங்க" என்று பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்து என் இடது கண்ணை மூடிவிட்டார்.

"கடைசி வரியைப் படிங்க."

"அது வரியா? நான் கறைன்னு நினைச்சேன்."

"சரியாப் போச்சு. வண்டியை எதுக்கு வாங்கினேன்னு கேட்டீங்களா? குடும்பத்தோட ஊர் சுத்தத்தான். முதல் வருஷம் பெரியவனுக்குப் பரீட்சை. அடுத்த வருஷம் கடையை மாத்திக் கட்டினோம். அதுக்கு அடுத்த வருஷம் மாமியார் வழுக்கி விழுந்துட்டாங்க. அப்புறம் பசங்க வளர்ந்து அவங்க பாட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் போய்ட்டாங்க."

"வண்டி?"

"கடைக்குப் பின்னாடி நின்னுச்சு. மத்தியானம் சாப்பிட்டுட்டு அதுல போய்ப் படுப்பேன். என்ன தூக்கம்ங்கறீங்க! வருஷத்துக்கு ஒரு தடவை தகுதிச் சோதனைக்கு எடுத்துட்டுப் போவேன். அன்னிக்கு மட்டும் புதுச்சட்டை போட்டுக்கிட்டு, பாட்டெல்லாம் வச்சுக்கிட்டுப் போவேன். வீட்டுல சிரிப்பாங்க."

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "மீட்டரைத் திருப்பினீங்களா?"

அவர் என் இடது கண்ணைத் திறந்துவிட்டுச் சிரித்தார். "பின்னாடி திருப்பணும்னா அது முதல்ல முன்னாடி போகணுமே மேடம்."

அவர் வாங்கும்போதே மூவாயிரத்துக்கு மேல் ஓடியிருந்ததாம். முன்னாடி வைத்திருந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள் என்றார். எனக்குப் புதுக் கண்ணாடியும் எழுதிக் கொடுத்தார்.

5

இங்கே ஒரு தகராறு. அந்த அம்மாவை நேரில் பார்ப்பதற்கு முன்பே நான் எழுதிவிட்டேன். என் வரைவில் அவர் ஒடிந்துபோன பெண், ஜன்னலோரம், கண்ணில் நீர். "அந்த வண்டியைப் பற்றிக் கேட்காதீர்கள்" என்று தழுதழுத்தார். பிறகு நேரில் போனேன். கதவைத் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வண்டியா? உள்ள வா, உட்காரு, நிறைய இருக்கு" என்றார். என் வரைவு அப்படியே குப்பைக்குப் போனது.

அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி இயக்குநராக இருந்தவர். நாள் முழுக்க யாரையோ யாரோடோ இணைத்துவிடும் வேலை. பணி முடிந்த அன்று அவர் கணவர் அவரைக் கேட்காமலேயே இந்த வண்டியை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார்.

"கண்ணை மூடுங்கறார், இப்ப தெறங்கறார். தெறந்து பார்த்தா பஸ்ஸு! எனக்கு வந்துச்சே கோவம். கல்யாணம் ஆனதுலேருந்து எல்லாத்தையும் அப்படித்தான். கேட்கறதே கிடையாது. தலைகாணியை எடுத்துக்கிட்டு நேரா வண்டிக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டேன். வீட்டை நீங்களே வச்சுக்கோங்க, நான் இதுல இருந்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

"ராத்திரி பூராவுமா?"

"ராத்திரியா? மூணு வருஷம்!"

வண்டி வீட்டு வாசலைவிட்டு நகரவே இல்லை. எப்படி நகரும், ஓட்டினால் உள்ளே அவர் இருக்கிறாரே. கணவர் தினமும் காலையில் பத்தடி நடந்துவந்து வண்டிக் கதவைத் தட்டுவாராம்.

"தட்டிட்டு, உள்ள வரலாமான்னு கேட்பார். அந்த மனுஷன் வாயிலேருந்து அந்த மாதிரி ஒரு வார்த்தையை நான் அதுவரைக்கும் கேட்டதில்ல. சில நாள் வாங்கன்னு சொல்வேன். சில நாள் அப்புறமா வாங்கன்னு சொல்வேன். சரின்னு போய்டுவார். ரொம்ப நல்லா இருந்தோம் அப்போ. அப்புறம் அவருக்கு முட்டி போச்சு, வண்டிப் படி ஏற முடியல. நான் வீட்டுக்கே வந்துட்டேன். அவரும் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் அதைப் பார்க்கவே ஆகல. கொடுத்துட்டேன்."

உங்களை என் கதையில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "கேட்டுட்டு எழுதறே பாரு, நல்லா இரு. எழுதிக்கோ. என் குரல் நல்ல குரல்னு மறக்காம எழுது" என்றார். நல்ல குரல். சத்தியமாக.

6

முதல் சொந்தக்காரர் உயிரோடு இல்லை. அவர் மகள் ஒரு பேக்கரி நடத்துகிறார். நான் போனபோது முழங்கைவரை மாவு. பிசைந்துகொண்டே பேசினார்.

அப்பா கட்டட வரைபடம் போடுகிறவர். வண்டியை வெறும் கூடாக வாங்கி, உள்ளே இருப்பது அத்தனையும் தன் கையாலேயே செய்திருக்கிறார். அந்தப் பித்தளைக் கொக்கிகள்கூட. ஒவ்வொரு விடுமுறைக்கும் துணி, பாத்திரம் எல்லாம் ஏற்றுவாராம்.

"போகலையா?"

"அத்தை இருந்தாங்கல்ல. அப்பாவோட தங்கச்சி. எங்ககூடத்தான் இருந்தாங்க, அவங்களுக்கு வேற யாரும் இல்ல. போகாதேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல, பாவம். இந்த வாரம் மட்டும் இருந்துட்டுப் போயேன்னு சொல்வாங்க. ஒரு தடவை வயித்துவலி. ஒரு தடவை குழாய் ஒழுகுது. ஒரு தடவை மழை வர்ற மாதிரி இருக்கு. அப்பா சிரிச்சுக்கிட்டே பையை இறக்கிடுவார். பக்கத்துல எங்கயாவது ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து நிறுத்திடுவார்."

"கோவம் வராதா அவருக்கு?"

"அத்தைன்னா அவருக்கு உசுரு."

நான் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. "அத்தைக்கு அப்புறமாவது போனாரா?"

"அப்பாதாங்க முதல்ல போனார்." மாவைத் தூக்கிப் பலகையில் அடித்தார். "வண்டியை அத்தைதான் வித்தாங்க. வாங்கினவங்க ஓட்டிட்டுப் போனப்ப, தெருமுனை வரைக்கும் வண்டியோடயே நடந்தாங்க. அப்புறம் அங்கயே நின்னுட்டாங்க. நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன்."

இப்போது நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு தங்கைக்காரியின் கதையில் இன்னொரு தங்கைக்காரி சரியான இடத்தில் வந்து நிற்கிறாளா, காதில் பூச்சுற்றாதே அம்மா என்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் வரைவில் அத்தையைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு நோயாளி அம்மாவைப் போட்டேன். பிறகு ஒரு பக்கத்து வீட்டுக்காரர். பிறகு, விட்டுப்போக முடியாத ஒரு நாய். (நாய் நன்றாகவே வந்திருந்தது.) ஆனால் பேக்கரியில் கேட்டது அத்தைதான். அந்தக் கடையிலிருந்து ஒரு ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, அதைப் பிய்த்துப் பிய்த்து முழுவதையும் தின்றுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆக, மீட்டர் சொன்னது நிஜம். மூன்று சொந்தக்காரர்கள். ஒருவரும் எங்கேயும் போகவில்லை.

7

மறுநாள் மத்தியானம் அண்ணன் முட்டை பொரித்து, தட்டு வைத்து, எதிரில் உட்கார்ந்தான்.

"என்ன ஆச்சு? பார்த்துட்டியா எல்லாரையும்?"

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். மீட்டர் சரியா இருக்கு அண்ணா, வண்டி ஓடவே இல்ல. அந்த வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. அவன் சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அதைப் பார்த்தேன். பிறகு என் வாயிலிருந்து வந்தது இது:

"நடுவுல இன்னொருத்தர் வச்சிருந்திருக்கார்."

அவ்வளவுதான், கதவு திறந்துகொண்டது. நாளெல்லாம் காகிதத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் வராத பாத்திரம், முட்டையில் உப்புப் போடுவதற்குள் முழுசாக வந்து நின்றது. அவர் ராட்டினம் ரிப்பேர் பார்ப்பவர். பொருட்காட்சிகளில் வருமே, வானத்துக்கும் பூமிக்கும் சுற்றும் ராட்டினம், அது. ஊர் ஊராகப் பொருட்காட்சி எங்கே நடந்தாலும் இந்த வண்டியிலேயே போவார், அதிலேயே தங்குவார். வண்டியைத் தன் பேருக்கு மாற்றக்கூட இல்லை, கண்ணாடிக்காரரிடம் சும்மா கைமாற்றிவிட்டுப் போய்விட்டார். வருடக்கணக்காக ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருக்கிறார்.

என் கணக்கு எளிமையானது. அவ்வளவு ஓடிய வண்டியில் மீட்டர் நாலாயிரம் காட்டினால் யாரோ திருப்பியிருக்கிறார்கள். திருப்பியிருந்தால் அண்ணன் வாங்கமாட்டான். நல்ல சரடு, எங்கேயும் முடிச்சு தெரியவில்லை.

ஆனால் அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"ராட்டினமா? அதுவும் மேல கீழதானே" என்றான். "பெரிய சக்கரத்துக்கு என்ன பேரிங் போடறாராம்?"

"நான் கேட்கல."

"கேட்டிருக்கணும். அடுத்த தடவை பேசினா கேளு. வேலை இல்லாதப்ப எங்க தங்குவாராம்?"

இங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். "ஒரு ஏரி இருக்காம்" என்றேன். "மலைக்கு அந்தப் பக்கம். கரையில ஒரே ஒரு மரம். வண்டியை அதுக்கு அடியில நிறுத்திட்டு, பின்கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, காலைத் தொங்கப் போட்டு உட்காருவாராம். ஒரு மனுஷன் வரமாட்டானாம். தண்ணி அப்படியே அசையாம இருக்குமாம்."

(பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று எழுத வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். இவரை நான் ஒரு நொடிகூடச் சந்தேகிக்கவில்லை. அண்ணனுக்குப் பிடித்ததையெல்லாம் சேர்த்துப் பிசைந்து ஓர் ஆளைச் செய்துவிட்டு, அந்த ஆளை அண்ணனுக்குப் பிடிக்காமல் போகும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். எனக்கு எவ்வளவு மூளை பாருங்கள்.)

8

அண்ணன் எழுந்து ஜன்னல்வரை போனான், திரும்பி வந்தான். பிறகு மேசையில் ஒரு தட்டு தட்டினான்.

"அஞ்சு கட்டம்!"

"என்ன அஞ்சு கட்டம்?"

"மீட்டர்ல மொத்தமே அஞ்சு கட்டம்தான் இருக்கு. அஞ்சும் ஒன்பதாயிட்டா அப்புறம் எங்க போகும்? பூஜ்யத்துக்கு வந்துடும்! எவனும் திருப்பல. லட்சம் கிலோமீட்டர் ஓடி ஒரு முழுச் சுத்து சுத்தி வந்திருக்கு. பெடல் ரப்பர் ஏன் புதுசா இருக்குன்னு இப்ப தெரியுது. பழசு தேய்ஞ்சே போயிருக்கும்!"

இந்த ஐந்து கட்ட விவகாரம் எனக்கு எப்படித் தெரியும்? நான் மீட்டரைப் பார்த்தே ஆட்டோக்காரரிடம் ஏமாறுகிறவள்.

"அவ்வளவு ஓடியும் ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுதுன்னா அது சிங்கம்" என்றான். அன்றே கொட்டகைக்குப் போனான். ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்று கொட்டகைக்காரர் வண்டியைக் கொடுத்தனுப்பிவிட்டார். வண்டி இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது.

அண்ணி போன பிறகு அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. திரைச்சீலையைக் கழற்றித் துவைத்தான். டயருக்குக் காற்று பார்த்தான். "முதல்ல ஏரி. மத்ததெல்லாம் அப்புறம்" என்றான் நாலைந்து தடவை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளில் அவன் ஓர் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதே இல்லை. நேராகப் போக வேண்டும் என்பான், எங்கே என்றால் எங்கேயாவது என்பான். வாரா வாரம் கொட்டகைக்குப் போய்க் கொக்கியை மாட்டிவிட்டு வருவான். கண்ணாடிக்காரருக்கும் அப்படித்தான், ஊர் சுற்ற வேண்டும், எந்த ஊர் என்று கிடையாது. அந்த மூன்று பேரிடமும் வண்டி இருந்தது. போய்ச் சேர ஓர் இடம் யாரிடமும் இல்லை. என் அண்ணனுக்கு இப்போது ஓர் இடம் இருக்கிறது. அதைக் கொடுத்தது நான். அது எங்கும் இல்லை.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: நான் வாயைத் திறக்கவில்லை. அவன் போகிறான். மலைக்கு அந்தப் பக்கம் ஊர் ஊராக நின்று, கரையில் ஒரே ஒரு மரம் இருக்கிற ஏரி எங்கே என்று கேட்கிறான். சாயங்காலமானால் எனக்குப் போன் செய்து, "இன்னும் வரல, நாளைக்கு வந்துடும்" என்கிறான். (இதை என்னால் இரண்டு பத்திக்கு மேல் எழுத முடியவில்லை.)

இரண்டாவது: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏரியே இல்லை என்றதும் அவன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறான். கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் டீ, செய்தித்தாள், மிக்சி. எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்ட முடிவு. எழுதி முடித்துப் படித்துப் பார்த்து அழுதேன். அந்த வீட்டில் இருந்த அண்ணன், கடைக்குப் பின்னால் நின்ற வண்டி மாதிரி ஓர் ஓரமாக இருந்தான்.

மூன்றாவது: அவன் போகிறான், ஏரி நிஜமாகவே இருக்கிறது, ராட்டினக்காரர் கரையில் நின்று கை— (தூ. இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.)

ஆகையால் ஒன்று முதல் எட்டு வரை இதுவரை எழுதியதை அப்படியே அவனிடம் கொடுக்கப் போகிறேன். எப்போதுமே என் கதைகளுக்கு அவன்தான் முதல் வாசகன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணா, ராட்டினக்காரர் இல்லை. ஏரியும் இல்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை, உன் தங்கைதான் சொன்னாள். நீ போனால் எனக்குக் கஷ்டமாக இருக்கும், ரொம்பக் கஷ்டமாக இருக்கும். அதை மறைத்துவிட்டு உன் பிரஷர் மாத்திரையைப் பற்றிப் பேசினேன். எனக்காக நீ பையை இறக்க வேண்டாம்.

9

மத்தியானம் கொடுத்தேன். வண்டியின் படியில் உட்கார்ந்து படித்தான். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்காரர் பகுதியில் ஒரு தடவை சிரித்தான். அத்தை பகுதியில் பக்கத்தை மடியில் வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தான். பிறகு தலையே நிமிரவில்லை.

இப்போது உள்ளே வந்துவிட்டான். நான் எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன், நிறுத்தினால் அவனை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

"அப்ப அந்த ஆள் நிஜமாவே இல்லையா?" என்றான்.

"இல்ல."

"பேரிங் பத்தி கேட்டுச் சொல்றேன்னியே."

"நீ கேளுன்னே. நான் சரின்னுகூடச் சொல்லல."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நல்ல மனுஷனா இருந்தார்" என்றான். யாரோ இறந்துபோன மாதிரி அப்படிச் சொன்னான்.

"என்னை மன்னிச்சுக்கோ அண்ணா."

"விடு. இங்கயே இருன்னு நீ சொன்னா நான் இருந்துடுவேன்னு பயந்துட்டே. நானும் இருந்திருப்பேன், அதான் விஷயம்." சாவியை மேசைமேல் உருட்டினான். "மீட்டர் சரியா இருக்கு. வண்டி நல்ல வண்டி. சொன்ன வார்த்தைப்படி நான் வாங்கணும். போகணும்னு ஆசையும் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லு."

"என்ன?"

"இப்ப நான் எங்க போறது?"

இத்தனை வருடமாக ஊர்களையும் ஆறுகளையும் தெருக்களையும் அளந்து விட்டவள் நான். ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது ஊர் சொல்வேன். இப்போதும் வாய்நிறைய ஏரிகள் வருகின்றன. ஒன்றில் அல்லி பூத்திருக்கிறது, ஒன்றில் படகுத்துறை இருக்கிறது, ஒன்றின் நடுவில் ஒரு பாறை. எல்லாம் நான் செய்தவை. நிஜத்தில் நான் பார்த்த ஏரி ஒன்றுகூட இல்லை, மூன்றாவது வளைவிலேயே இறங்கிவிடுகிறவளுக்கு எங்கிருந்து ஏரி?

ஆகையால் உங்களைக் கேட்கிறேன். கதைக்கு முடிவு வேண்டாம். அதை என்னவோ செய்துகொள்ளுங்கள். எனக்கு ஓர் ஏரி வேண்டும். நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும், யாரோ சொன்னது, எங்கோ படித்தது வேண்டாம். மரம் இல்லாவிட்டால் பரவாயில்லை. தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. வண்டி கொஞ்சம் அகலம், போகிற பாதை அதற்குத் தகுந்த மாதிரி இருந்தால் போதும். எந்தச் சாலையில் போய் எங்கே திரும்ப வேண்டும் என்று மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

சீக்கிரம் சொல்லுங்கள். கொட்டகைக்காரர் சாயங்காலம் பதில் கேட்பார். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பேசாமல் இங்கேயே இருந்துவிடு என்று நான் சொல்லிவிடுவதற்குள் சொல்லுங்கள்.